ரோஜா–பச்சோலி சென்ட்: டெல்டா புழுக்கத்தில் எப்படிப் போடுவது, தரத்தை எதை வைத்துச் சொல்வது?

கூறைநாடு (கேள்வி):

வணக்கம். கையில் இரண்டு சென்ட் இருக்கின்றன. ஒன்று 50 மி.லி. ஸ்பிரே. ‘ஓ டி பர்ஃபம்’ என்று அச்சிட்டிருக்கிறது. மேலே ரோஜா, அடியில் பச்சோலி என்கிற இலையின் எண்ணெய். இன்னொன்று 12 மி.லி. அத்தர். அதுவும் ரோஜா–பச்சோலிதான் என்று சொல்லிக் கொடுத்தது.

ஸ்பிரே அடித்ததும் பன்னீர் ரோஜா மாலையைப் பொட்டலத்திலிருந்து பிரித்த மாதிரி இருக்கிறது. இருபது நிமிடத்தில் கற்பூரம் போல ஒரு சுள்ளென்ற நெடி ஏறுகிறது. ஒரு மணி நேரம் ஆனால் ரோஜாவைக் காணோம். நனைந்த களிமண், நாள்கணக்கில் பூட்டிவைத்த டிரங்குப் பெட்டி, இந்த மாதிரிதான் வருகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ‘சட்டையைக் காயாமலே போட்டுட்டீங்களா?’ என்கிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் அதே சட்டைக் காலரை முகர்ந்தால் மறுபடி அருமையாக இருக்கிறது.

அத்தர் நேர் எதிர். வைத்தது முதல் மங்குவது வரை ஒரே வாசனை, ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி.

ஸ்பிரே கெட்டுப்போய்விட்டதா? நம்ம ஊர் வெயிலுக்கு எத்தனை அடி போதும், எங்கே அடிப்பது? கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டும்போது போடலாமா? அத்தர் அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு:

கெடவில்லை சார். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே அது நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. கெட்டுப்போன சென்ட் அடித்த உடனே காட்டிக்கொடுத்துவிடும்: முதல் நொடியிலேயே புளித்த நெடி, நெயில்பாலிஷ் வாடை, இல்லையென்றால் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை. உங்களுடையதில் முகப்பு ரோஜா சுத்தமாக வருகிறது. நடுவில்தான் சிக்கல்.

பச்சோலி துளசி, புதினா குடும்பத்துச் செடி. ஆங்கில அகராதிகளே இந்தப் பெயரின் வேரைத் தமிழில்தான் காட்டுகின்றன. இன்று சந்தைக்கு வரும் எண்ணெயில் பெரும்பங்கு இந்தோனேசியாவில் வடித்தது. இலையைப் பறித்ததும் அடுப்பேற்ற மாட்டார்கள். காயவைத்து, அடுக்கி வைத்து, அதன் பிறகுதான் ஆவியில் வடிப்பார்கள். அந்த எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பச்சோலி ஆல்கஹால் என்கிற கனமான பொருள். மிக மெதுவாக ஆவியாகும். ரோஜா வாசனையைத் தரும் ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் எல்லாம் அதைவிட லேசானவை. சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது அவை இன்னும் வேகமாகக் கிளம்பிவிடும். மேலே இருந்த ரோஜா போனதும், அடியில் இருந்த பச்சோலியின் மண்ணும் கற்பூரமும் துணையில்லாமல் நிற்கிறது. அதுதான் உங்கள் ‘ஒரு மணி நேரக் களிமண்’. மறுநாள் அந்த மண் நெடியும் அடங்கி, மரமும் கொக்கோவும் போல இனிப்பான அடி மட்டும் மிஞ்சுவதால் காலர் அருமையாக இருக்கிறது.

டிரங்குப் பெட்டி என்று எழுதினீர்களே, அதற்கும் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய காஷ்மீர் சால்வைகளில் பூச்சி அரிக்காமல் இருக்கக் காய்ந்த பச்சோலி இலையை இடையிடையே வைத்து மடித்தார்கள். அந்த வாசனை இருந்தால்தான் அசல் இந்தியச் சால்வை என்று அங்கே நம்புகிற அளவுக்குப் போயிற்று. மடித்து வைத்த துணியோடு பச்சோலிக்கு அவ்வளவு பழைய உறவு.

இனி தரம் பார்ப்பது. கடையில் அடித்துப் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பதைப் போல ஒரு வீண்செலவு கிடையாது. இந்தக் கலவைக்கு அது இன்னும் மோசம், ஏனென்றால் விற்பனைக்கான அழகு முழுக்க அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. பூப்போடாத வெள்ளைத் தாளை விரல் அகலத்தில் வெட்டி ஒரு அடி. இடது முழங்கையின் உட்பக்கம் ஒரு அடி. ஆல்கஹால் பறக்க ஒரு நிமிடம் விடுங்கள், மூக்கைத் தோலில் ஒட்டாதீர்கள், நாலு விரல்கடை தள்ளி முகருங்கள். பிறகு 20 நிமிடம், 1 மணி, 4 மணி, மறுநாள் காலை. ஒவ்வொரு முறையும் இரண்டே வார்த்தை எழுதிவையுங்கள். நடுவில் மூக்கு மரத்துப்போகும். அதற்குக் காபிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். வெறும் காற்றைவிட அது மேலாக ஒன்றும் செய்வதில்லை. சென்ட் படாத வலது முழங்கையை முகர்ந்தாலே போதும்.

தாளும் தோலும் வேறு வேறு கதை சொல்லும். தாளில் ரோஜா நெடுநேரம் நிற்கும், தோலில் சூட்டால் சீக்கிரம் போகும். தாளில் 4 மணி நேரத்தில் அழகாக இருந்து தோலில் மட்டும் களிமண் என்றால் சரக்கு நல்லது, அடிக்கும் இடமும் அளவும்தான் தப்பு. தாளிலும் சேறு, தார், ஊறவைத்துப் புளித்த துணி என்று வந்தால் பச்சோலியே மட்டம்.

நல்ல கலவையில் என்ன தேடுவது? நடுப்பகுதியைத் தேடுங்கள். ரோஜா போகும்போது சும்மா போகாது; பிளம் பழம், ஜாம், கொஞ்சம் ஒயின் போல இருட்டும். அந்த இருட்டு பச்சோலியின் கொக்கோவோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே கிராம்போ, சந்தனமோ, ஜெரேனியமோ ஒரு பாலம் இருக்கும். பாலம் இல்லாத கலவையில் 40ஆவது நிமிடத்தில் ஒரு பள்ளம் தெரியும். இந்த ஜோடியை எப்படிக் கட்டலாம் என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன: 1971இல் வந்த கிளினிக்கின் அரோமாடிக்ஸ் எலிக்சர், 1993இல் லார்ட்டிசான் பர்ஃப்யூமரின் வோலர் த ரோஸ், 2010இல் ஃப்ரெடெரிக் மாலின் போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி. பெரிய ஊருக்குப் போகும்போது தாளில் வாங்கி முகர்ந்துவைத்தால் மூக்குக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும்.

அளவு. ஒரு அடி சுமார் 0.1 மி.லி. சித்திரை முதல் ஆனி வரை நம்ம பக்கம் பகலுக்கு இரண்டே அடி: ஒன்று நெஞ்சில், பனியனுக்கு அடியில்; ஒன்று தொப்புளுக்குச் சற்று மேலே. கழுத்தில் வேண்டாம். கழுத்தில் அடித்தால் உங்கள் மூக்குக்கு நேரே நின்று மூக்கு மரத்துவிடும், ‘வாசனையே இல்லை’ என்று மேலும் அடிப்பீர்கள், பக்கத்து சீட்டுக்காரர் தவிப்பார். வேர்க்கிற இடத்திலும் வேண்டாம். வலது மணிக்கட்டில் அடிக்கவே கூடாது. இலையில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிடும்போது ரசத்துக்கு மேலே பச்சோலிதான் நிற்கும். மார்கழி, தை இரவுக்கு மூன்று அடி போகலாம்.

சந்தனக்கூடு:

அரசலாறு சார் ஸ்பிரே பத்தி சொன்னது சரி. அத்தர் பத்தி நான் சொல்றேன்.

முதல்ல கணக்கு. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் வடிக்க 3,500லேருந்து 4,000 கிலோ பூ போகும். உங்க 12 மி.லி. பாட்டில், அதாவது நம்ம கடைக் கணக்குல ஒரு தோலா, முழுக்க சுத்த ரோஜா எண்ணெய்னா அதுக்கு மட்டும் 35லேருந்து 40 கிலோ பூ வேணும். பன்னீர் ரோஜா கிலோ என்ன விலைன்னு தஞ்சாவூர் பூச்சந்தையில கேட்டுட்டு, நீங்க பாட்டிலுக்குக் கொடுத்த காசைப் பாருங்க. பதில் அங்கேயே கிடைச்சிடும்.

அதுக்காக ஏமாத்துன்னு அர்த்தமில்லை. உத்தரப் பிரதேசத்துல இருக்கிற கன்னௌஜ் ஊர் முறையில, டேக்ங்கற செம்புக் கொப்பரையில பூவும் தண்ணியும் போட்டு, மூங்கில் குழாய் வழியா ஆவியை பாப்காங்கற பாத்திரத்துல இருக்கிற சந்தன எண்ணெய்க்குள்ள இறக்குவாங்க. அதுதான் அத்தர். சந்தனம் விலை ஏறினதும் நிறைய இடத்துல அந்த இடத்துக்கு டி.ஓ.பி., பாரஃபின் மாதிரி வாசனையில்லாத எண்ணெய் வந்துடுச்சு. அதுல செயற்கை ரோஜாவைக் கலந்தா நீங்க சொல்ற ரோஸ்மில்க் கிடைக்கும்.

இதுல நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. பன்னீர் மாதிரி வாசனை வந்தா அசல், வரலைன்னா டூப்ளிகேட்னு நினைக்கிறாங்க. உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். பூவை வடிக்கும்போது அந்தப் பன்னீர் வாசனைக்குக் காரணமான ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் தண்ணியில கரைஞ்சு பன்னீரோடயே போயிடும். மேலே மிதக்கிற எண்ணெய்ல அது கம்மி. அதனால வடிச்ச ரோஜா எண்ணெய் கொஞ்சம் காரமா, தேன் மாதிரி, எலுமிச்சைத்தோல் மாதிரி, லேசா மிளகு மாதிரி இருக்கும். அசலை முதன்முதலா முகர்றவங்க ‘இது ரோஜாவே இல்லையே’ம்பாங்க. கரைப்பான்ல எடுக்கிற அப்சல்யூட் வகையிலதான் அந்தப் பன்னீர் தங்கும். மேலேருந்து கீழ வரைக்கும் மாறாம ஒரே பன்னீர்னா பெரும்பாலும் செயற்கைதான்.

வீட்ல பார்க்க வழி: வெள்ளைத் தாள்ல ஒரு சொட்டு, 24 மணி நேரம் விடுங்க. கறை பளபளன்னு எண்ணெயா நின்னு, வாசனை மட்டும் செத்துப்போயிருந்தா நீங்க காசு கொடுத்தது வெறும் எண்ணெய்க்கு. ஆனா கறை இருக்குங்கறதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க; சந்தனம், பச்சோலி ரெண்டுமே கனமான எண்ணெய், கறை நாள்பட நிக்கும். கறையில வாசனை இருக்கா, அது முதல் நாளைவிட மாறியிருக்காங்கறதுதான் கேள்வி. ஐஸ்பெட்டியில வச்சுப் பார்க்கிற சோதனை உண்டு. சுத்த ரோஜா எண்ணெய்ல இயற்கையா மெழுகு இருக்கறதால குளிர்ல உறையும், உள்ளங்கைச் சூட்டுல இளகும். ஆனா அது சுத்த எண்ணெய்க்கு மட்டும்தான். கலந்த அத்தர் உறையலைன்னா அதுல ஒண்ணும் தெரியாது. மெழுகு சேர்த்தும் உறைய வைக்கலாம், அதனால உறைஞ்சாலும் சத்தியம் இல்லை. நெருப்பு வச்சுப் பார்க்கிறதெல்லாம் வேண்டாம்.

போடுற விதம்: கண்ணாடிக் குச்சியை பாட்டில் கழுத்துல ஒருதரம் வழிச்சுட்டு, நுனியில மினுக்குன்னு தெரியற அளவுதான். சொட்டா தொங்கினா அது மூணு பேருக்கு. காதுக்குப் பின்னால ஒரு தொடல், இல்லைன்னா மிளகு அளவு பஞ்சுல வச்சுக் காது மடிப்புல. அத்தர் ஸ்பிரே மாதிரி தூக்கி வீசாது, தோலோட ஒட்டி நிக்கும். பஸ்ல போறவங்களுக்கு இதுதான் மரியாதையான வழி.

புது அத்தர்னா முதல்ல முழங்கை மடிப்புல கொஞ்சம் வச்சு 24 மணி நேரம் பாருங்க. ஜெரானியால், சிட்ரோனெல்லால் சிலருக்கு அரிப்பு கொடுக்கும். எண்ணெய் இயற்கையா இருந்தாலும் இது பொருந்தும்.

திருபுவனம் தறி:

தம்பி, பட்டு வேட்டி பத்தி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் நான். பட்டின் மேல் ஸ்பிரே அடிக்கவே அடிக்காதீர்கள். ஈரம் காய்ந்த இடத்தில் ஓரம் கட்டின மாதிரி வட்டம் விழும். ஆல்கஹால் சாயத்தைக் கிளப்பும். ஜரிகையில் செம்பு அதிகம் இருந்தால் நாளாவட்டத்தில் கறுக்கவும் வாய்ப்பு உண்டு. அத்தர் அதைவிட ஆபத்து. எண்ணெய்ப் பொட்டு பட்டில் விழுந்தால் வீட்டில் எடுக்க முடியாது, டிரை கிளீனிங்தான்.

பச்சோலிக்கு இன்னொரு குணம், அதன் நிறம். இரும்புப் பாத்திரத்தில் வடித்த எண்ணெய் கரும்பழுப்பாக இருக்கும், எஃகுப் பாத்திரத்தில் வடித்தது வெளிர் மஞ்சள். கரும்பழுப்பு அத்தரை வெள்ளை வேட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. துவைத்து இஸ்திரி போடும்போது சூட்டில் பழுப்பாக எழும்பும், மடிப்பு விழும் இடமாகப் பார்த்து. பருத்தி வேட்டி என்றால் அடியில் பழைய துணியை வைத்து, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவாக ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு சோப்பு. தேய்த்தால் பரவும்.

முறை என்னவென்றால் குளித்துத் துவட்டி, தோல் காய்ந்ததும் சென்ட். ஐந்து நிமிடம் கழித்து வேட்டி சட்டை. துணியில் வாசனை வேண்டும் என்றால் பருத்திக் கைக்குட்டையில் ஒரு அடி அடித்து, காயவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மணவறைப் பக்கம் ஓமப்புகை, சாம்பிராணி, பன்னீர்ச் செம்பு எல்லாம் இருக்கும். அங்கே ரோஜா–பச்சோலி தனியாகத் தெரியாது, ஆனால் சண்டையும் போடாது. மல்லிகைச் சரத்தோடுதான் கொஞ்சம் ஒத்துப்போகாது. தஞ்சாவூர்க் கதம்பத்தோடு நன்றாகச் சேரும், அதில் மரிக்கொழுந்தும் வெட்டிவேரும் இருப்பதால்.

முக்கியமாக, பீரோவில் அந்துருண்டை போட்ட துணியின் மேல் இந்த சென்ட் வேண்டாம். அந்துருண்டையும் பச்சோலியும் சேர்ந்தால் நீங்கள் சொன்ன டிரங்குப் பெட்டியேதான். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்ட கேள்விக்குப் பாதிக் காரணம் அதுவாகவும் இருக்கலாம், பாருங்கள்.

கூறைநாடு:

அண்ணே, அந்துருண்டை இருக்கிறது. எடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த ஸ்பிரே போடலாமா? அந்த ரோஸ்மில்க் அத்தரைக் கீழே தடவி, அதன் மேல் ஸ்பிரே அடித்தால் நடுவில் வரும் பள்ளம் நிரம்புமா?

அரசலாறு:

அடைமழைக்கு என் யோசனை, தள்ளி வையுங்கள். மழைமண் வாசனை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மினால் வருவது. பச்சோலியில் இருப்பது வேறு பொருள். ஆனால் மூக்கு இரண்டையும் ஒரே வகையில்தான் சேர்க்கும். வீட்டுக்குள் கொடி கட்டிக் காயவைத்த சட்டை, அதில் ஏற்கெனவே கொஞ்சம் ஈர வாடை, அதன் மேல் பச்சோலி என்றால் முகர்பவர் ‘காயாத துணி’ என்றுதான் சொல்வார். போட்டே ஆகவேண்டும் என்றால் சட்டையைச் சூடாக இஸ்திரி போட்டு ஆறவிட்டு, தோலில் ஒரே ஒரு அடி. தை பிறந்து பங்குனி வரை, புழுக்கம் குறைவாக, காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும் நாட்களில்தான் இந்தக் கலவை நம்ம ஊரில் முழு அழகோடு விரியும். அதுவரை பாட்டில் எங்கும் ஓடிப்போகாது. வெயில் படாத இடம், பாத்ரூம் கூடாது, பைக் பெட்டிக்குள் விட்டுப்போகக் கூடாது. நிறம் கொஞ்சம் கருத்தால் பயப்பட வேண்டாம். வனிலின் சேர்த்த சென்ட்கள் தானாகவே பழுப்பாகும்.

அடுத்த முறை வாங்கும்போது அந்தக் கற்பூர நெடி வேண்டாம் என்றால், பச்சோலியைத் திரும்ப வடித்துக் கற்பூரமும் மண்ணும் நீக்கிய வகையைச் சேர்த்த சென்ட்களைத் தேடுங்கள். மென்மையாக இருக்கும். எனக்கு அதில் பாதி உயிர் போன மாதிரிதான் படுகிறது, ஆனால் அலுவலகத்துக்கு அதுவே வசதி.

அத்தரைக் கீழே தடவுவது சரிவராது என்பது என் கருத்து. செயற்கை ரோஜா சட்டென்று மேலே ஏறி ஸ்பிரேயின் நல்ல ரோஜாவையும் மூடிவிடும்.

சந்தனக்கூடு:

இதுல மட்டும் சாரோட நான் கொஞ்சம் மாறுபடறேன். இப்ப இருக்கிற மாதிரியே தடவினா சரிவராது, அது உண்மை. ஆனா அந்த அத்தரைத் திருத்தலாம். முதல்ல அந்தத் தாள் சோதனையில கறை வாசனையோட நிக்குதான்னு பாருங்க. செத்துப்போயிருந்தா விட்டுடுங்க, தோலுக்கு வேண்டாம்.

நின்னா இப்படிப் பண்ணுங்க. சொட்டுக் கணக்கு வேண்டாம், பச்சோலி கெட்டியா இருக்கறதால அதோட சொட்டு அளவு வேற. 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு எடுத்துக்குங்க. சுத்தமான காலி பாட்டில்ல அத்தர் 3 கிராம், சந்தன எண்ணெய் 1 கிராம். பச்சோலி முதல்ல 0.2 கிராம் மட்டும், அதுவும் வெளிர் நிறம். கிராம்பு எண்ணெய் சேர்க்கணும்னு ஆசை வந்தா குச்சி நுனியில தொட்டுக் கலக்குறதோட நிறுத்திக்குங்க, அது தோலை எரிக்கும். தேங்காய் எண்ணெய்ல கரைக்காதீங்க, மார்கழியில உறைஞ்சு போகும். நல்லெண்ணெய்க்குச் சொந்த வாசனையே அதிகம்.

கலந்த அன்னைக்கு முகர்ந்தா ரோஜாதான் தெரியும், பச்சோலி பத்தலைன்னு கை துறுதுறுக்கும். அங்கதான் எல்லாரும் கெடுக்கறது. பச்சோலி எண்ணெய்ல கரைஞ்சு விரிய நாளாகும். அன்னைக்கே இன்னும் 0.2 ஊத்தினா மூணு வாரத்துல பாட்டில் முழுக்க மண்ணா நிக்கும். மூடியில கலந்த தேதியை எழுதி ஒட்டி, பீரோ கீழ்த்தட்டுல, அந்துருண்டை இல்லாத பக்கமா 21 நாள் வைங்க. அப்புறம் முழங்கை மடிப்புல ஒரு குச்சி. பிடிச்சிருந்தா ஸ்பிரேக்கு அரை மணி முன்னால நெஞ்சுல ஒரு தொடல், அதுக்கு மேல ஸ்பிரே ஒரே அடி. ரெண்டு அடிச்சா திரும்ப பழைய கதைதான்.